கசிவுத் துளை

காட்போட் மட்டை விரித்து மூன்று இரவு.
மூன்று காலையும் ஒரே இடத்தில் பச்சை வட்டம்.
முதலில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு,
பிறகு தேத்தண்ணிக் கோப்பை வாய்.

பம்ப்தான், என்றேன்.
புதுசு வாங்குவம், என்றார் ஜெயநேசன்.
ஐம்பது வருசத்து ஸ்பிட்பயருக்கு
இப்ப வாற புதுசு எல்லாம் தகரம்.
பழசு நல்ல வார்ப்பு.
கழற்றுவம்.

உவர்மலைக்கு அந்தப் பேர் வைத்தவர்
எங்கள் கிணற்றைக் குடித்துப் பார்த்திருக்க வேண்டும்.
காரை எங்களுக்கு விற்ற சுங்க அதிகாரி
பக்கத்து வளவுக் கிணற்றைத்தான்
பத்து வருசம் றேடியேற்றருக்குள் ஊற்றியிருக்கிறார்.
பம்பின் விசிறி
சூத்தைப் பல் மாதிரிக் கழன்று வந்தது,
விளிம்பு இல்லாமல்.

எனக்குச் சூத்தைப் பல் புதிதில்லை.
ஆஸ்பத்திரியில் பல்லுக்கட்டுச் செய்கிற வேலை.
அரை மில்லிமீற்றர் உயர்ந்தால்
ஒரு மனிசன் சோற்றைத் தள்ளி வைத்துவிடுவான்.
விசிறிக்கும் கூட்டுக்கும் இடையிலும்
அந்த அரை மில்லிமீற்றர்தான்.

மூன்றாவது பொல்ட் முறிந்தது.
அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி
நான் எழுதப் போவதில்லை.

கூட்டின் அடிவயிற்றில் ஒரு துளை இருக்கும்.
சீல் தேய்ந்தால் தண்ணீர்
பேரிங்குக்குப் போக முதல் அதால் சொட்டும்.
கவனி என்று சொல்ல மட்டும்
செய்தவன் வைத்த துளை.
தேடினேன்.
அது இருக்க வேண்டிய இடத்தில் எம்சீல்,
சாம்பல் நிறம், கல்லாய் இறுகி,
மேலே ஒரு பெருவிரல் ரேகை.

நான் ரேகையைப் பார்த்தேன்.
அவர் ரோச் லைட்டைப் பிடித்தபடி மதிலைப் பார்த்தார்.
போன மார்கழி, என்றார்.
சொட்டிக்கொண்டே இருந்தது. பார்க்க ஏலாமல் போச்சு.

போன மார்கழி
அண்ணன் றெஜிஸின் பெட்டி விமானத்தில் வந்தது.
வீடு முழுக்கச் சனம், வாடகைக் கதிரை, செபமாலை.
இவர் காருக்கு அடியில் கிடந்தார்,
ஏதோ ஒழுகுது என்று.
கால் இரண்டும் மட்டும் வெளியே.
வந்தவர்கள் அந்தக் கால்களைக் கடந்து போனார்கள்.

அடைத்ததும் சொட்டு நின்றது.
தண்ணீர் நிற்கவில்லை.
பேரிங்குக்குள் போய்க் கிறீசைக் கழுவி
இந்த வருசம் முன்பக்கத்தால் வந்திருக்கிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பல் தோண்டுகிற ஊசியை எடுத்து வந்து
துளையைத் திறந்தேன்,
துணுக்குத் துணுக்காய், முக்கால் மணித்தியாலம்.
லைட் ஆடாமல் இருந்தது.

பேரிங் பஞ்சிகாவத்தையிலிருந்து
இரவு பஸ்ஸில் வந்தது, கண்டக்டரின் சேட்டுப் பைக்குள்.
பிறீஸரில் பாரைத் துண்டங்களுக்குப் பக்கத்தில்
ஒரு இரவு படுத்தது.
கூடு கேக் தட்டில், அவணுக்குள்.
இரண்டையும் சேர்த்தபோது
வழுக்கிக்கொண்டு இறங்கி
ஒரேயொரு டக்.
அந்தச் சத்தத்துக்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

கஸ்கெற் கூட்டுறவுச் சங்கக் கலண்டர் மட்டையில் வெட்டினது.
கடி பார்க்கிற நீலத்தாள் வைத்து
முகம் சமமா என்று பார்த்தேன். சமம்.
தேர்மோஸ்ராற்றைச் சட்டியில் கொதிக்க விட்டோம்,
எண்பத்திரண்டில் மெதுவாய் வாய் திறந்தது.
கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு,
இது எட்டாவது, என்றார்.
மார்கழிக்குப் பிறகு அவர் விட்ட முதல் பகிடி.
நல்ல பகிடி இல்லை.

இரவு ஸ்ராட் பண்ணினோம்.
ஊசி பாதிக்கு ஏறி அங்கேயே நின்றது.
பிறகு துளையால் ஒரு சொட்டு.
அவர் துணியோடு பாய்ந்தார்.
விடுங்கோ, என்றேன்.
புது சீல் இருந்து பழகும் மட்டும் சொட்டத்தான் செய்யும்.
சொட்டட்டும்.

துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது.
நான் போய்ப் படுத்துவிட்டேன்.

விடிய வந்து பார்த்தால்
ட்றைவர் சீற்றில் நித்திரை,
கால் இரண்டும் கதவுக்கு வெளியே.
மட்டையில் ஒவ்வொரு சொட்டையும் சுற்றிப்
பேனையால் வட்டம் போட்டு நேரம் எழுதியிருந்தார்.
11.20. 12.05. 1.50.
கடைசி வட்டத்துக்குள் ஈரம் இல்லை.
கோடு மட்டும்.
பக்கத்தில் 4.10.